163 எறிந்த தம்பி: உப்புவெளி விறாந்தையில் ஒரு புள்ளிக் கணக்கு

டார்ட்ஸ் ஆட்டத்தில் மூன்று அம்பு எறிந்து 163 புள்ளி எடுக்க எவராலும் முடியாது. உலகச் சம்பியன் வந்து நின்றாலும் முடியாது. ஆனால் எங்கள் படகுக்காரத் தம்பி எடுத்திருக்கிறான். என் கொப்பியில், என் கையெழுத்திலேயே அது இருக்கிறது. நான் கணித வாத்தியார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எப்படியும் யாராவது சொல்லத்தான் போகிறார்கள்.

இடமும் ஆட்களும்

உப்புவெளியில் நாலு அறை வைத்து விடுதி நடத்தும் அண்ணாவின் விறாந்தையில் பலகை தொங்குகிறது. ஆங்கிலேயக் கடற்படை 1957 வரை திருகோணமலையில் இருந்தது, டார்ட்ஸ் அவர்கள் விட்டுப்போன பழக்கம் என்று வெளிநாட்டு விருந்தினர்களுக்குக் கதை சொல்ல அண்ணாவுக்குக் கொள்ளை விருப்பம். உண்மையில் அந்தப் பலகை, பெட்டியில் இடமில்லாத ஒரு விருந்தினர் அறையில் விட்டுப்போனது. நடுப்பொட்டு தரையிலிருந்து 5 அடி 8 அங்குல உயரம், எறிகோடு பலகையின் முகத்திலிருந்து 7 அடி 9¼ அங்குலத் தூரம். இந்த இரண்டு அளவிலும் நாங்கள் கை வைப்பதில்லை. மற்றதெல்லாம் எங்கள் பாசை. டார்ட் என்றால் அம்பு. நடுவில் இருப்பது பொட்டு: சிவப்பு 50, அதைச் சுற்றிய பச்சை 25. பொட்டைச் சுற்றி 1 முதல் 20 வரையான எண்கள். வெளி ஒல்லி வளையத்தில் விழுந்தால் டபுள், எண்ணின் இரண்டு மடங்கு; உள் ஒல்லி வளையத்தில் விழுந்தால் ட்ரிபிள், மூன்று மடங்கு. பஸ்ட் ஆனால் “பஸ் போச்சு”.

ஆட்கள் ஐந்து பேர், எறியும் வரிசையில் சொல்கிறேன். முதலில் விடுதி அண்ணா. அடுத்தது கிண்ணியாவிலிருந்து வரும் நானா. 2009இல் பாலம் திறக்கும்வரை அவர்கள் ஊருக்குப் ‘பாதை’ என்ற மிதவைப் படகில்தான் போகவேண்டும், அந்தக் காலமாக இருந்திருந்தால் நானா பாதி ஆட்டத்தில் எழும்பி ஓடியிருப்பார். மூன்றாவது தம்பி, நிலாவெளியிலிருந்து புறாத் தீவுக்குப் படகு ஓட்டுகிறவன். நான்காவது உவர்மலையில் இருக்கும் அக்கா, வங்கியில் வேலை. கடைசி நான். எறிவதும் நான், எழுதுவதும் நான்.

ஆட்டம் 501. ஒவ்வொருவரும் 501இல் தொடங்கி, தன் முறைக்கு மூன்று அம்பு எறிந்து, எடுத்த புள்ளியைக் கழித்துக்கொண்டே வரவேண்டும். சரியாகப் பூச்சியத்தில் முடிக்கவேண்டும், முடிக்கும் அம்பு வெளி வளையமான டபுளில் விழவேண்டும். மிச்சத்தை விடக் கூட எடுத்தாலோ, 1 மிச்சம் வந்தாலோ, டபுள் இல்லாமல் பூச்சியத்துக்கு வந்தாலோ பஸ் போச்சு. அந்த முறை எறிந்தது எல்லாம் கணக்கில் இல்லை, முறைக்கு முன் இருந்த மிச்சமே திரும்பி வரும். ஒருவர் முடித்ததும் ஆட்டம் முடிந்தது. அப்போது மிச்சம் கூடுதலாக இருக்கும் இரண்டு பேரும் எல்லோருக்கும் கொத்து ரொட்டி வாங்கித் தரவேண்டும். இந்தக் கடைசி விதி எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை.

அன்று இரவு

ஆடி மாதம். கச்சான் காற்று பகல் முழுக்கச் சுட்டுவிட்டு இரவிலும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கொப்பிக்கு மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துத்தான் எழுதினேன். எட்டாவது சுற்றில், தம்பி எறிந்து முடித்த கையோடு கரண்ட் போனது. போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்து, எல்லோருடைய நிரலிலும் கடைசி எண்ணுக்குக் கீழே ஒரு கோடு இழுத்து வைத்தேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

இருபது நிமிடத்தில் கரண்ட் வந்தது. ஆட்டம் தொடர்ந்தது. பதினோராவது சுற்றில் தம்பி டபுள் 5இல் முதல் அம்பையே இறக்கி முடித்தான். அந்த நேரம் கொப்பியின்படி நானாவுக்கு 96, அக்காவுக்கு 118, அண்ணாவுக்கு 144, எனக்கு 187 மிச்சம். நானும் அண்ணாவும் கொத்து வாங்கினோம். தம்பி கொப்பிப் பக்கத்தைப் படம் பிடித்து அடுத்த நாளே தன் படகில் வந்தவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறான்.

163 எப்படி அகப்பட்டது

மூன்றாம் நாள், வகுப்பில் சராசரி படிப்பிக்க ஒரு உதாரணம் தேவைப்பட்டது. எங்கள் ஆட்டத்தையே போடுவோம் என்று கொப்பியை எடுத்தேன். நான் எழுதியிருந்தது மிச்சங்களை மட்டும்தான், எறிந்த புள்ளிகள் எங்கும் இல்லை. ஆகவே ஒவ்வொரு மிச்சத்தையும் அதற்கு மேலுள்ளதிலிருந்து கழித்து, எறிந்ததைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

தம்பியின் நிரல் இது: 501, 460, 415, 389, 341, 178, 152, 112, 71, 40, 10, 0.

வித்தியாசங்களை எடுத்தால் 41, 45, 26, 48, 163, 26, 40, 41, 31, 30, 10.

26ஐப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. இருபதுக்குக் குறிவைத்து 20, 5, 1 என்று எறிகிறவர்களின் கையொப்பம் அது. பலகையில் 20க்கு ஒரு பக்கம் 1, மறுபக்கம் 5. கொஞ்சம் சறுக்கினாலும் தண்டனை கிடைக்கும்படிதான் எண்களை அடுக்கியிருக்கிறார்கள். 26களுக்கும் 40களுக்கும் நடுவில் ஒரு 163 வந்து குந்தியிருந்தது. நூற்றுக்கு மேல் யாராவது எடுத்தால் எங்கள் விறாந்தையில் நாய் குரைக்கும் அளவுக்குச் சத்தம் போடுவோம். அன்று அப்படி எந்தச் சத்தமும் இல்லை.

ஒருவேளை நான் மறந்திருக்கலாம் என்று, அது எறியக்கூடிய எண்தானா என்று பார்த்தேன். ட்ரிபிள்கள் எல்லாம் மூன்றின் மடங்கு. 163ஐ மூன்றால் வகுத்தால் மிச்சம் 1 வருகிறது, ஆகவே மூன்று அம்பும் ட்ரிபிளாக இருக்க முடியாது. ஒன்றாவது வேறாக இருக்கவேண்டும். ட்ரிபிள் அல்லாததில் பெரியது சிவப்புப் பொட்டு, 50. அதோடு இரண்டு ட்ரிபிள் சேர்த்தால் மேலிருந்து கீழே 170, 167, 164, 161 என்று மும்மூன்றாக இறங்குகிறது. 163 அந்தப் படிகளில் இல்லை. பொட்டுக்கு அடுத்தது டபுள் 20, அதாவது 40. இரண்டு ட்ரிபிள் 20ஓடு சேர்த்தாலும் 160க்கு மேல் போகாது. இரண்டு அம்பு ட்ரிபிள் அல்லாததாக இருந்தால் 60, 50, 50. அதுவும் 160தான். கதை முடிந்தது. 180க்குள் இப்படி மூன்று அம்பில் எடுக்க முடியாத எண்கள் ஒன்பது உண்டு: 163, 166, 169, 172, 173, 175, 176, 178, 179. ஆயிரம் பிழை விட்டாலும் அதில் ஒன்று இந்தப் பட்டியலில் வந்து விழுவது அரிது. எனக்கு அதிர்ஷ்டம். 153 என்று வந்திருந்தால் தம்பி அன்றைக்கு ஒரு அபூர்வ முறை எறிந்திருக்கிறான் என்று நானே ஊருக்குச் சொல்லியிருப்பேன்.

உண்மையில் என்ன எறிந்தான்? அவனையே போனில் கேட்டேன்.

“சேர், அது நான் 19க்கு மாறின முறை. ட்ரிபிள் விழுந்தது, மற்ற ரெண்டும் பக்கத்து 3க்குள்ள போச்சு.”

57, 3, 3. ஆக 63. பலகையில் 19க்கு இரு பக்கமும் 3ம் 7ம் இருப்பதால் கதை பொருந்துகிறது. 341இல் 63 போக 278. நான் எழுதியது 178. ஒன்றில் மூன்று போகாது என்று பத்தில் கடன், மூன்றில் ஆறு போகாது என்று நூறில் கடன். அந்த நூறில் வாங்கிய கடனை இரண்டு தரம் கழித்திருக்கிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்தால் நான் காதைத் திருகும் பிழை.

ஆகவே தம்பி “முடித்த” நேரத்தில் அவனுக்கு உண்மையில் 100 மிச்சம். நானாவுக்கு 96. நானா முன்னால் நின்றிருக்கிறார், யாருக்கும் தெரியாது.

இன்னொரு ஓட்டை

கொப்பியைக் கிண்டத் தொடங்கினால் ஒன்றோடு நிற்காது. கரண்ட் போனபோது இழுத்த கோட்டுக்குக் கீழே எண்ணிக்கையைப் பார்த்தேன். அண்ணாவுக்கு மூன்று எண், நானாவுக்கு மூன்று, தம்பிக்கு மூன்று, எனக்கு மூன்று. அக்காவுக்கு இரண்டு.

அவர் பஸ் போன முறையாக இருக்கலாமே என்று முதலில் நினைத்தேன். பஸ் போனால் மிச்சம் மாறாது, நானும் அப்படியான நேரத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டுவிடுவேன். அது கெட்ட பழக்கம். வெற்றிடத்தைப் பார்த்து அது பஸ் போனதா, முறையே தவறியதா என்று சொல்ல முடியாது. ஆனால் கோட்டுக்கு மேலே அக்காவின் கடைசி எண் 203. மூன்று அம்பில் கூடிய பட்சம் 180தான் எடுக்கலாம், 203இல் இருந்து பஸ் போக வழியே இல்லை. கோட்டுக்குக் கீழே உள்ள இரண்டு எண்ணும் 118க்குக் குறையவில்லை, அவற்றிலிருந்து பஸ் போக நூற்றுக்கு மேல் எடுக்கவேண்டும். அன்று அப்படிச் சத்தமே இல்லை. ஆக அவருடைய ஒரு முறை எறியப்படவே இல்லை.

பிறகுதான் ஞாபகம் வந்தது. கரண்ட் வந்த நேரம் அக்கா முற்றத்தில் நின்று அம்மாவோடு போன் கதைத்துக்கொண்டிருந்தார். பலகையில் வெளிச்சம் விழுந்த உடனே நான் போய் எறிந்தேன். நான் அக்காவுக்கு அடுத்தவன் என்பதே தலையில் இல்லை.

அவசரத்தில் விட்ட அந்த ஒரு முறையின் விலையைச் சராசரி போட்ட பிறகே கண்டேன். தம்பி உண்மையில் எடுத்தது 11 முறையில் 401, முறைக்கு 36.5. நானா 11 முறையில் 405, முறைக்கு 36.8. அக்கா ஒன்பதே முறையில் 383, முறைக்கு 42.6. அன்றிரவு எங்கள் ஐந்து பேரிலும் நன்றாக எறிந்தவர் அவர்தான். கொப்பியோ அவரை மூன்றாம் இடத்தில் போட்டு வைத்திருந்தது. (நான் 31.4. அதைப் பற்றி மேலும் எழுத உத்தேசமில்லை.)

ஏன் ஒருவரும் காணவில்லை

இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கழித்தல் பிழை எல்லோருக்கும் வரும். ஐந்து பேர் இருந்தும், அதற்குப் பிறகு ஆறு சுற்று ஓடியும் ஏன் ஒரு கண்ணிலும் படவில்லை?

இருவர் ஆடும்போது எதிராளிதான் காவல்காரன். எனக்கு எழுதப்படும் ஒவ்வொரு எண்ணும் அவனுக்கு நட்டம், அவன் பார்த்துக்கொண்டே இருப்பான். ஐந்து பேராகும்போது காவலும் ஐந்து மடங்காகும் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு. என் முறைக்கும் என் அடுத்த முறைக்கும் நடுவில் நான்கு பேர் பன்னிரண்டு அம்பு எறிகிறார்கள். அந்த நேரம் ஒருவர் கச்சான் கடலை உடைத்துத் தின்கிறார், ஒருவர் போன் பார்க்கிறார். தன் முறை வரும்போது தன் நிரலின் கடைசி எண்ணை மட்டும் பார்த்துவிட்டு எறியப் போகிறார். மற்ற நாலு நிரலும் யாருடைய பொறுப்பும் இல்லை. பொதுக் கிணற்றுக் கயிறு மாதிரி.

அதற்கு மேல் இரண்டு காரணம். ஒன்று, அம்பைப் பிடுங்கிக்கொண்டு வந்துதான் எல்லோரும் புள்ளியைச் சொல்வோம். எழுதுகிறவர் பலகையில் அம்பு நிற்கும்போது பார்த்து எண்ணுவதுதான் முறை. மற்றதை நானா நேரிலேயே சொன்னார்: “மாஸ்டர் எழுதினதை யாரு பாக்கிற? கணக்கு வாத்தி எண்டுதானே உங்கட கையில கொப்பியைத் தந்த.”

தீர்ப்பு

வெளிநாட்டுப் போட்டிகளில் இதற்கு விதி உண்டு. அமெரிக்க டார்ட்ஸ் சங்கத்தின் விதி, கழித்தல் பிழை இருந்தால் அந்த ஆள் அடுத்த முறை எறியத் தொடங்கும் முன் திருத்தவேண்டும், இல்லாவிட்டால் எழுதியது எழுதியதுதான் என்கிறது. விதிப்படி பார்த்தால் தம்பியின் வெற்றி நிற்கும். 178 எழுதிய பிறகு அவன் ஆறு முறை எறிந்துவிட்டான்.

எனக்கு அந்த விதி பிடிக்கும். பழைய பிழைகளை எல்லாம் கிண்டத் தொடங்கினால் எந்த ஆட்டமும் முடியாது. ஆனால் அந்த விதிக்குப் பின்னால் ஒரு எடுகோள் இருக்கிறது: எழுதுகிறவர் எறியாத ஆள், எண்கள் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் பலகையில் நிற்கின்றன, ஆட்டக்காரர் பார்க்க வாய்ப்பிருந்தும் பார்க்காமல் விட்டார். எங்கள் கொப்பி தேத்தண்ணிக் கோப்பைக்கு அடியில் கிடந்தது. அதை யாரும் எப்படிப் பார்ப்பது? தவறிய முறை வேறு. அது கழித்தல் பிழையே இல்லை, அக்காவிடமிருந்து எடுத்த மூன்று அம்பு.

தம்பி முதலில் முறுகினான். “சேர் விட்ட பிழைக்கு நான் என்னத்துக்குத் தோக்கோணும்?” நியாயமான கேள்வி. அக்காதான் முடித்து வைத்தார். “நீ தோக்கேல்ல, வெல்லவும் இல்லை. ஆட்டம் இன்னும் முடியேல்ல, அவ்வளவுதான்.”

அடுத்த போயா (பௌர்ணமி) விடுமுறையில் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கினோம். தம்பி 100, நானா 96, அக்கா 118. அக்காவுக்குக் கடனாக இருந்த முறை முதலில், உடனே அவருடைய பதினோராவது முறை. முதலாவதில் 45 எடுத்து 73க்கு வந்தார். இரண்டாவதில் 41 எடுத்து 32இல் நின்றார். 32 தற்செயல் இல்லை. டபுள் 16க்கு எறிந்து தனி 16இல் விழுந்தால் 16 மிச்சம், டபுள் 8. அதிலும் தனி விழுந்தால் 8, டபுள் 4. பாதி பாதியாக இறங்கினாலும் டபுள் கையை விட்டுப் போகாது. நான் ஒரு 38 எடுத்தேன், அதை யாரும் கவனிக்கவில்லை. பன்னிரண்டாவது சுற்றில் அண்ணா எறிந்தார், நானாவும் எறிந்தார், ஆனால் ஆட்டத்தை முடிக்க முடியவில்லை, தம்பி ஒரு அறுபது எடுத்து 40க்கு வந்து நின்றான். அக்கா வந்து முதல் அம்பைத் தனி 16இல் போட்டார், இரண்டாவதை டபுள் 8இல். மூன்றாவது அம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு கதிரையில் போய் இருந்தார்.

கொத்து வாங்கியவர்கள் மாறவில்லை. பிழையோடும் பிழை இல்லாமலும் கடைசி இரண்டு பேர் நானும் அண்ணாவும்தான்.

இப்போது எழுதும் விதம்

கொப்பி போய்ச் சுவரில் ஒரு சின்னக் கரும்பலகை வந்தது. ஒவ்வொருவருக்கும் இரண்டு நிரல்: இடப்பக்கம் எறிந்தது, வலப்பக்கம் மிச்சம். பஸ் போனால் இடப்பக்கம் ஒரு குறுக்குக் கோடு, வலப்பக்கம் அதே எண்ணைத் திரும்ப எழுதவேண்டும். வெற்றிடம் விடக்கூடாது. மூன்று சுற்றுக்கு ஒரு தரம் எறிந்ததைக் கூட்டி மிச்சத்தோடு சேர்த்தால் 501 வரவேண்டும். வராவிட்டால் அங்கேயே தேடலாம், மூன்று வரிக்குள்தான் பிழை இருக்கும்.

வெண்கட்டி இப்போது என் கையில் இல்லை. எறிந்து முடித்தவர் வெண்கட்டியை வாங்கி அடுத்தவருக்கு எழுதுகிறார். இது நானாவின் யோசனை. எழுதுகிறவர் மாறிக்கொண்டே இருப்பதால் ஒருவருடைய தூக்கம் எல்லோரையும் பாதிக்காது. முறையும் தவறாது. அக்கா வெளியே போன் கதைக்கப் போனால் தம்பி வெண்கட்டியோடு நின்று அவருக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

போனில் ஒரு செயலியைப் போட்டால் முடிந்தது என்று தம்பி சொன்னான். போட்டும் பார்த்தோம். நாங்கள் பார்த்த செயலி 163ஐ ஏற்காது, முறையையும் தவறவிடாது. ஆனால் 26 எடுத்தவனுக்கு 62 என்று தட்டினால் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளும். அது ஒரு சின்னத் திரையில் ஒருவர் கைக்குள் இருக்கிறது. பார்க்கும் கண்ணைக் கூட்ட வந்த இடத்தில் அது குறைத்துவிட்டது. எனக்குக் கரும்பலகைதான் சரி.

பார்க்க வைப்பதற்கு இன்னொரு வழியும் அகப்பட்டது, தேடாமலே. ஒரு நாள் 501 அலுத்துப்போய் கிரிக்கெட் ஆடினோம். மட்டையும் பந்தும் இல்லை, டார்ட்ஸிலேயே அப்படி ஒரு ஆட்டம். 15 முதல் 20 வரையான எண்களும் பொட்டும் மட்டும் கணக்கு. ஒரு எண்ணில் மூன்று அடி விழுந்தால் அது உங்களுக்குப் பூட்டு. முதல் அடிக்குச் சாய்கோடு, இரண்டாவதுக்குப் பெருக்கல் குறி, மூன்றாவதுக்கு அதைச் சுற்றி வட்டம். டபுள் இரண்டு அடி, ட்ரிபிள் மூன்று. வழக்கமான ஆட்டத்தில், நீங்கள் பூட்டிய எண்ணை வேறு யாராவது பூட்டாமல் இருக்கும்வரை அதில் எறிந்து உங்களுக்கே புள்ளி சேர்க்கலாம். நாங்கள் ஆடியது அதன் கழுத்தறுப்பு வகை. அதில் புள்ளி உங்களுக்கு வராது, அந்த எண்ணை இன்னும் பூட்டாத எல்லோர் தலையிலும் விழும். எல்லாவற்றையும் பூட்டி, குறைந்த புள்ளியோடு இருப்பவர் வெற்றி.

கூட்டல் வேலை 501ஐ விடக் கூட. அக்கா 20ஐப் பூட்டிவிட்டு இன்னொரு ட்ரிபிள் 20 அடித்தார், ஒரே அம்புக்கு நான்கு நிரலில் அறுபது அறுபதாக எழுதவேண்டியிருந்தது. பிழை மலியும் என்று எதிர்பார்த்தேன். இரண்டு வந்தது. இரண்டும் வெண்கட்டி பலகையை விட்டு எடுக்கும் முன்பே அகப்பட்டது. அண்ணா ஏற்கெனவே பூட்டிய எண்ணுக்குத் தம்பி அவர் தலையில் 18 போட்டான். கதிரையில் அரைத் தூக்கத்தில் இருந்த அண்ணா, “டேய், அது எனக்குப் பூட்டு!” என்று எழும்பி நின்றுவிட்டார். தன் தலையில் விழும் புள்ளியைப் பார்க்காத ஆள் இல்லை. ஆறு சுற்று யார் கண்ணிலும் படாமல் நின்ற என் 178ஐ நினைத்துக்கொண்டேன்.

பழைய கொப்பி இன்னும் விடுதி மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. 178ஐச் சுற்றி நான் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வைத்திருந்தேன். போன கிழமை திறந்து பார்த்தால், அதற்குக் கீழே தம்பி எழுதி வைத்திருக்கிறான்: “மூன்று அம்பில் 163. உலகத்திலேயே நான் ஒருவன்தான்.”